மறதிக்கு எட்டாத உயரம்

மொஸ்தகானம் நகரத்தில் ஒருவர் தனக்கு மறதி நோய் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமானால் முதலில் காலணியைக் கழற்ற வேண்டும். முதியோர் நினைவு நல வாரியத்தின் வாசலிலேயே கொட்டை எழுத்தில் அப்படி எழுதிப் போட்டிருந்தது. கைரா தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கணவருடைய காலடியில் குனிந்து அவருடைய ஷூ நாடாவை அவிழ்த்தாள். நாற்பத்து மூன்று வருடம் அந்த நாடாவை அவர்தான் கட்டினார், அவர்தான் அவிழ்த்தார். ஒரு வருடமாகத்தான் அது அவள் வேலையாகியிருந்தது.

கணவர் பெயர் மிலூத். ஊரில் பாதி வீடுகளுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் அடித்தவர். ஏணி போடாமலே கூரையைத் தொடுகிற ஆள். கைரா அவருடைய மார்புக்குக் கீழே முடிந்துவிடுவாள். கல்யாணத்தன்று மிலூத்தின் அத்தை மணப்பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாதிப் பொண்ணுதான் வந்திருக்கு, மீதி எந்த வண்டியில வருது?" என்று சபையிலேயே கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மிலூத் மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் கைரா அன்றே குறித்து வைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் அவள் வயதுப் பெண்கள் கணவன் பேரைச் சொல்வதில்லை. வீட்டுக்காரர் என்பதோடு சரி. கைராவும் அப்படித்தான் வாழ்ந்தாள். ஆனால் இப்போதெல்லாம் அப்படிக் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. மிலூத் என்றால் திரும்புகிறார். அதனால் அறுபத்தெட்டாவது வயதில் பேர் சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் கூப்பிட்டபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் திரும்பிப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

அவருடைய நோய்க்கும் ஒரு வேலை ஒழுங்கு இருந்தது. காலையில் வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முப்பது வருடத்துக்கு முன்னால் வண்ணம் அடித்த வீடுகளின் கதவைத் தட்டி, "ரெண்டாவது கோட்டிங் பாக்கி இருக்கு" என்பார். நல்லவர்கள் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மற்றவர்கள் கதவைத் திறக்கவில்லை. போன மாதம் ரயில் தண்டவாளத்தின் நடுவில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கைத்தாங்கலாக அழைத்துவந்து விட்டுவிட்டு, "அடுத்த தடவை நான் பாப்பேன்னு சொல்ல முடியாது ஹாஜ்ஜா" என்றார். கைரா மக்காவுக்குப் போனதில்லை. ஆனால் மொஸ்தகானத்தில் அறுபது தாண்டிய எல்லாப் பெண்களும் ஹாஜ்ஜாதான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாரியம் ஒரு பகல் இல்லம் நடத்தியது. காலை எட்டு முதல் மாலை நான்கு வரை பூட்டிய கேட், ஒரு செவிலி, முப்பது நாற்காலி. கைராவுக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு நாற்காலி. அதற்கு நீல அட்டை வேண்டும். நீல அட்டைக்குத்தான் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் வாரியத்தில் மருத்துவர் இருந்தார். அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவரும் போனார். மூன்றாமவர் வேலையில் சேருவதற்கு முன்பே போனார். அந்தச் சமயத்தில் தலைநகர் அல்ஜியர்ஸில் யாரோ ஒரு வெளிநாட்டு ஆய்வைப் படித்தார்கள். குள்ளமானவர்களுக்கு முதுமையில் ஞாபகம் மங்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், சிறுவயதில் சாப்பாடு போதாததும் நோய்நொடியும் அதற்குக் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்த ஆய்வு தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தது. அமைச்சகத்தில் 'இருக்கலாம்' என்பதை எடுத்தார்கள். மாகாணத்தில் 'கொஞ்சம்' என்பதை எடுத்தார்கள். மொஸ்தகானம் வந்து சேர்ந்தபோது, மறதி குள்ளர்களுக்கு வரும், நெட்டையர்களுக்கு வராது என்று சுற்றறிக்கை ஆகியிருந்தது. வாரியம் ஒரு அளவுகோலை வாங்கிச் சுவரில் அறைந்தது. அளவுகோல் பிரான்சுக்குப் போகாது.

அளப்பவன் பெயர் ஹுவாரி. முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள், நல்ல மனசு. மிலூத்தைச் சுவரோடு நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தவன், "எட்டல ஹாஜ்ஜா, ஒரு நிமிஷம்" என்று முக்காலி கொண்டுவந்து ஏறினான்.

"ஒண்ணு எண்பத்தெட்டு மீட்டர்! மாஷா அல்லாஹ்! ஆம்பளைக்கு ஒண்ணு அறுபத்தாறுக்குக் கீழ இருந்தாத்தான் மறதி. இவரு எங்கயோ இருக்காரு. வாழ்த்துகள் ஹாஜ்ஜா, உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்ல."

"என்னத்துக்குப்பா வாழ்த்து? அவருக்கு என்னையே தெரியல."

"ஆளத் தெரியாம இருக்கறது வேற, மறதி வேற ஹாஜ்ஜா. எங்க மாமனாருக்குக்கூட என்னைத் தெரியாது. அது மறதியில்ல, வெறுப்பு."

அவன் சொன்னதைக் கேட்டு மிலூத் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்ததால் கைரா கோபப்பட மறந்தாள். ஹுவாரி அடையாள அட்டையை வாங்கிப் பதிவேட்டில் எழுதப் போனவன் நிறுத்தினான்.

"கார்டுல ஒண்ணு தொண்ணூத்திமூணுன்னு போட்டிருக்கே. அஞ்சு சென்டிமீட்டர் எங்க?"

அந்த அட்டை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் எடுத்தது. நகராட்சிக் குமாஸ்தா அன்று யாரையும் அளக்கவில்லை. எதிரில் நின்றவரை அண்ணாந்து பார்த்து, பயந்த அளவுக்கு எழுதினார்.

"வயசானா மனுஷன் குறுகத்தானே செய்வான்" என்றாள் கைரா.

"மனுஷன் குறுகலாம் ஹாஜ்ஜா. அரசாங்க ரிக்கார்டு குறுகக் கூடாது. போலீசுல போய், தொலைஞ்சுபோச்சுன்னு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. அது இல்லாம மேல அப்பீல் போக முடியாது."

அட்டை தொலைந்தாலும் சாவி தொலைந்தாலும் அந்த நாட்டில் காவல் நிலையத்தில் ஒரு தாள் வாங்காமல் எதுவும் நகராது. ஆகவே கைரா அதை வினோதமாக நினைக்கவில்லை. காவலரும் நினைக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிக்கொண்டு, "தொலைஞ்ச பொருள்?" என்றார்.

"அஞ்சு சென்டிமீட்டர் உயரம்."

"எங்க தொலைச்சீங்க?"

"வீட்லதான்னு நினைக்கிறேன்."

"எப்போ?"

"கொஞ்சம் கொஞ்சமா."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

கைரா பதில் சொல்வதற்குள் மிலூத் எழுந்து காவல் நிலையச் சுவரைத் தடவிப் பார்த்தார். "இது நான் அடிச்சது. ரெண்டாவது கோட்டிங் பாக்கி நிக்குது" என்றார். காவலர் தாளை உருவி முத்திரை குத்தினார். மேற்படி உயரத்தைக் கண்டெடுப்பவர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

அந்தத் தாளோடு அவர்கள் வாரியத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மிலூத், "யார் வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டார். கைரா ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

இயக்குநர் பென்ஷோஹ்ரா அன்பானவர். எல்லோரையும் உட்காரச் சொல்வார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் அவர் உட்கார்ந்திருந்தார். தடித்த அடி வைத்த ஷூ போட்டிருந்தார். வாரிய ஊழியர்கள் காலணியோடு அளக்கப்படலாம் என்று சுற்றறிக்கையின் ஒன்பதாம் பிரிவு சொன்னது. அதன்படி அவர் ஒன்று அறுபத்தேழு.

"உங்க பேர் என்ன சொன்னீங்க?"

"கைரா."

"ஹாஜ்ஜா, கேளுங்க. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ இந்த ஊர்ல ஆயிரத்து இருநூறு பேருக்கு மறதி இருந்துச்சு. இன்னைக்கு எழுபத்தோரு பேரு. பதினெட்டு மாசத்துல! யாரு குணப்படுத்தினது? டாக்டரா? மருந்தா? ஒரே ஒரு அளவுகோல்! அல்ஜியர்ஸ்லருந்து பாராட்டுக் கடுதாசி வந்திருக்கு. பேர் என்ன சொன்னீங்க?"

"கைரா. ஐயா, என் வீட்டுக்காரர் தண்டவாளத்துல உக்காந்திருந்தாரு."

"உக்காருவாரு. யார் வேணும்னாலும் உக்காரலாம். அவரு மறதியால உக்காரலங்கறதுதான் வாரியத்தோட முடிவு. நான் இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட வேணாம்னு சொன்னதில்ல ஹாஜ்ஜா. விதிதான் சொல்லுது. நான் கையெழுத்து மட்டும் போடுறேன், அதுவும் முத்திரைதான். நெட்டையா இருக்கறவருக்கு மறதின்னு ஒரு தடவை எழுதிட்டா, நாளைக்கு எல்லா நெட்டையனும் வந்து நிப்பான். அப்புறம் எதை வெச்சு அளக்கறது? உங்க பேர்..."

"கைரா" என்றார் மிலூத் திடீரென்று.

கைராவுக்கு உயிரே வந்து போனது. அவர் பக்கம் திரும்பினாள். அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கேட்டார்கள், தெரிந்த பேர், சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அவள் திரும்பியபோதுதான் இயக்குநர் அவளைச் சரியாகப் பார்த்தார்.

"ஹாஜ்ஜா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

"நின்னுட்டுதான் ஐயா இருக்கேன்."

பென்ஷோஹ்ராவின் முகம் மலர்ந்தது. மணியை அடித்தார். ஹுவாரி அளவு நாடாவோடு ஓடி வந்தான். ஒன்று நாற்பத்தாறு. பெண்களுக்கு ஒன்று ஐம்பத்துமூன்றுக்குக் கீழே இருந்தால் போதும்.

அந்த மலர்ச்சிக்கு ஒரு காரணம் இருந்தது. பகல் இல்லத்தின் முப்பது நாற்காலியில் நான்கில்தான் ஆள் இருந்தது. அட்டை பெற்ற எழுபத்தோரு பேரில் மீதிப் பேர் வர மறந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அல்ஜியர்ஸிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள்.

"நோய் யாருக்குன்னு தெரியாமலே இத்தனை நாள் அலைஞ்சிருக்கீங்களே" என்றார் இயக்குநர், நிஜமான வருத்தத்தோடு.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு ஐயா!"

"எல்லாம் ஞாபகம் இருக்குன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. இன்னைக்கு என்ன தேதி?"

"மார்ச் ஒன்பது."

ஹுவாரி சுவரைப் பார்த்தான். சுவரில் ஒரு மருந்துக்கடையின் காலண்டர் போன நவம்பரைக் காட்டிக்கொண்டு தொங்கியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு" என்றான்.

"அது பழைய காலண்டர் தம்பி!"

"ஆபீஸ்ல மாட்டினது ஹாஜ்ஜா" என்றான் மெதுவாக.

கைராவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு எத்தனை ஆடு அறுத்தார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் மருதாணி கரைத்தார்கள், வீட்டின் எந்த அறைக்கு எந்த வருடம் என்ன வண்ணம் அடித்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பிறந்து பதினோராம் நாள் போய்விட்ட மகனின் எடை இரண்டு கிலோ நானூறு என்றாள். அவனுக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது என்றாள். அதற்கப்புறம் பிள்ளை இல்லை என்றாள். அந்த மச்சத்தைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவர் மறந்துவிட்டார், நானும் மறந்தால் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும், அதனால் நான் மறக்க மாட்டேன் என்றாள்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பேசுகிறார்' என்று எழுதினார்.

அன்று மாலை அவர்கள் வீடு திரும்பியபோது கைராவின் பேரில் நீல அட்டை இருந்தது. காப்பாளர் என்ற இடத்தில் மிலூத்தின் பெயர் இருந்தது. நெட்டையர், ஆகவே தெளிந்தவர். பகல் இல்லத்துக்குக் காப்பாளரையும் அழைத்துவரலாமா என்று அவள் கேட்டிருந்தாள். தெளிந்தவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார்கள். அதாவது அவள் தினமும் பூட்டிய கேட்டுக்குள் எட்டு மணி நேரம் பத்திரமாக இருக்க வேண்டும். அவர் வாளியோடு ஊரைச் சுற்றலாம்.

அவள் போகவில்லை. ஆனால் அட்டை அவளுக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் இருபது வருடமாகப் பழகியவர். அவரே கூச்சத்தோடு, "உங்க கையெழுத்து செல்லாதாம் ஹாஜ்ஜா, காப்பாளர் போடணுமாம்" என்றார். மிலூத்துக்கான மருந்துக்கு மிலூத்தே கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தூரிகைபோல் பிடித்துத் தாளின் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இழுத்தார். கடைக்காரர் அதை ஏற்றுக்கொண்டார்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. காப்பாளர், வாரியக் குழுவின் முன் வந்து, பராமரிப்புக்குரியவரை அடையாளம் காட்டி, ஏற்றுக்கொள்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். தவறினால் பராமரிப்புக்குரியவர் ரெலிஸான் ஊரில் உள்ள வாரியத்தின் விடுதிக்கு நிரந்தரமாக மாற்றப்படுவார். கைரா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். ரெலிஸானுக்குத் தன்னை அனுப்பினால் தான் பிழைத்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும். இவருக்கு யார் நாடா கட்டுவார்கள்? தண்டவாளத்திலிருந்து யார் கூட்டிவருவார்கள்?

அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"மிலூத், நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. இவ என் பொண்டாட்டி கைரா."

அவர் சங்கடத்தோடு அவளைப் பார்த்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நீங்க நல்லவங்களா இருக்கீங்க. எனக்குச் சோறு போடறீங்க. அதுக்காகப் பொய் சொல்லச் சொன்னா எப்படி? கைரா காதுல விழுந்தா அவ மனசு என்ன பாடுபடும்?"

கைரா எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தக் கிழவன் இன்னொருத்தியிடம் இப்படி உறுதியாக இருக்கிறானே என்று பெருமையாகவும் இருந்தது, அந்த இன்னொருத்தி தானே என்பது நெஞ்சை அறுக்கவும் செய்தது. குழு கூடும்வரை ஏழு நாளும் முயன்றாள். ஏழு நாளும் அவர் கைராவுக்குத் துரோகம் செய்ய மறுத்தார்.

குழு கூடிய அன்று மிலூத்துக்கு வெள்ளிக்கிழமைச் சட்டையைப் போட்டுவிட்டாள். மேசைக்குப் பின்னால் பென்ஷோஹ்ராவும், அவருக்கு இரண்டு பக்கமும் எதுவும் பேசாத இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹுவாரி அளவுகோலுக்குப் பக்கத்தில் நின்றான். முதலில் காப்பாளரை மறுபடி அளந்தார்கள். ஒன்று எண்பத்தெட்டு. தெளிவு நீடிக்கிறது என்று பதிந்தார்கள்.

"ஐயா, இந்த அம்மா யாரு?"

மிலூத் கைராவைக் குனிந்து பார்த்தார். கைரா அவருடைய முகத்தையே பார்த்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று அல்லாஹ்விடம் கேட்டாள்.

"தெரியாதுங்க" என்றார் மிலூத்.

"உங்க பொண்டாட்டி கைராதானே?"

"இல்லீங்க. கைரா வீட்ல இருக்கா."

ஹுவாரி தரையைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மை மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது, இனி இவர்கள் தப்பிக்க முடியாது என்று கைரா ஒரு கணம் நம்பினாள்.

பென்ஷோஹ்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"விஷயம் எளிமையானது. ஒண்ணு எண்பத்தெட்டு உள்ளவருக்கு மறதி வராது. மறதி வராதவர் சொன்னா அது சரி. அவரு இந்த அம்மா என் பொண்டாட்டி இல்லங்கறாரு. அப்ப இந்த அம்மா அவரோட பொண்டாட்டி இல்ல. பொண்டாட்டின்னு நம்பிக்கிட்டு இருக்காங்க, பாவம். நோய் நாம நினைச்சதைவிட முத்திப்போச்சு. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்கள்.

"நாப்பத்து நாலு வருஷம் ஐயா!" என்று கைரா கத்தினாள். "கல்யாணம் பதிஞ்ச குடும்பப் புத்தகத்தைப் பாருங்க!"

"அதுல இருக்கறது வீட்ல இருக்கற கைரா ஹாஜ்ஜா" என்றார் இயக்குநர் மிகுந்த கனிவோடு. பிறகு மிலூத்திடம், "அப்ப இவங்களை ரெலிஸான் விடுதிக்கு அனுப்பிடலாம்ல?" என்று கேட்டார்.

அழுதுகொண்டிருந்த அந்தச் சின்ன உருவத்தை மிலூத் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ரெலிஸான் ரொம்ப தூரமாச்சே" என்றார். "யாரு பெத்த பொண்ணோ. எங்க வீட்டுக்கு அனுப்புங்க. கைரா பாத்துக்குவா. அவ யாரையும் போன்னு சொல்ல மாட்டா. அவளும் இவங்க உயரம்தான், அவ துணியே இவங்களுக்குச் சரியா இருக்கும்."

"ஏற்றுக்கொள்கிறேன்னு சொல்லணும்."

"ஏத்துக்கிறேன்."

முத்திரை விழுந்தது. ஹுவாரி இருவருடைய காலணிகளையும் கொண்டுவந்தான். வழக்கமாக அவன் அதைச் செய்வதில்லை. மண்டியிட்டு மிலூத்தின் ஷூ நாடாவை அவனே கட்டினான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் நாளையும் அவன் அளப்பான். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

வீட்டுக்கு நடந்தார்கள். இத்தனை வருடமும் மிலூத்தின் ஒரு எட்டுக்குக் கைரா இரண்டு எட்டு வைத்து ஓடித்தான் பழக்கம். அன்று அவர் விருந்தாளிக்காக மெதுவாக நடந்தார். சாலையைக் கடக்கும்போது கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார்.

வீட்டில் அவளை முன்னறையில் நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார். "கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கைரா! ஒரு அம்மா வந்திருக்காங்க. காபி போடு."

வீடு அமைதியாக இருந்தது.

"கைரா!"

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவர் குரல் உடைந்தது. ஒவ்வொரு அறைக் கதவாகத் திறந்து பார்த்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு பயத்தை அவள் பார்த்ததே இல்லை. கைரா நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் சமையலறைக்குள் போய், சுவருக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டாள்.

"இதோ இருக்கேன்!"

"எங்கடி போயிட்ட இவ்வளவு நேரம்?" என்றார் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து. "உசுரே போயிடுச்சு."

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

"வந்திருக்கறவங்க பாவம்டி. யாருமில்ல போலிருக்கு. கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்" என்றாள் கைரா.

காபி கொதித்து இறக்கியாகிவிட்டது. தட்டில் கோப்பைகளை வைத்தாள், தூக்கினாள், மறுபடி கீழே வைத்தாள். அந்தத் தட்டோடு வெளியே போனால் அவள் விருந்தாளி ஆகிவிடுவாள். அதனால் காபி ஆறட்டும் என்று விட்டுவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவர் கேட்டதற்கெல்லாம் அங்கிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.